எச்சில் சம்பந்தம்

சந்திரமோகனுக்கு வாய் வறண்டுவிட்டது. கையில் சம்பந்தி கொடுத்த பிளாஸ்டிக் குழாய். அதில் கோடு வரைக்கும் எச்சில் துப்ப வேண்டும். துப்பினால் முன்னோர்கள் எந்த மண் என்று சென்னை லேப்பில் டி.என்.ஏ.வைப் பார்த்துச் சொல்லிவிடுவார்களாம். அவருக்கு அதுதான் பயம்.

வினை அவரே தேடிக்கொண்டது. பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தி செந்தமிழன், "உங்க குலதெய்வம் எது?" என்று கேட்டார். சந்திரமோகன் அந்தமானில் மின்னி பே என்ற இடத்தில் பிறந்து வளர்ந்தவர். பாட்டனாரின் அப்பா வெள்ளைக்காரன் காலத்துக் கைதியாகக் கால் விலங்கோடு கப்பலில் வந்து இறங்கியவர். குலதெய்வத்தைக் கூட்டி வர அவருக்கு வசதிப்படவில்லை. இங்கே கட்டிக்கொண்டது ஒரு பர்மாக்காரியை. 'தெரியாது' என்று சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். "சாஸ்தா. திருநெல்வேலிப் பக்கம்" என்று சொல்லிவைத்தார்.

"அட, நமக்கும் அந்தப் பக்கம்தான்! ஆனா அங்க ஊருக்கு ஊரு சாஸ்தா இருக்கே. எந்த சாஸ்தா?"

"அது... ரொம்பப் பழைய சாஸ்தா."

செந்தமிழன் ஓய்வுபெற்ற இன்ஜினியர். மேற்கொண்டு கேட்காமல் குழாய் வரவழைத்துவிட்டார். அவர்கள் இருக்கும் லம்பா லைன் பகுதியில் இப்போது கல்யாணப் பேச்சு என்றாலே ஜாதகத்தோடு குழாயும் வருகிறது.

"சாமி சொல்லாததை சயின்ஸ் சொல்லும். நானும் துப்புறேன், நீங்களும் துப்புங்க. நமக்கென்ன, மடியில கனமா?" என்றார்.

சந்திரமோகனுக்கு மடி முழுக்கக் கனம்.

"உள்ளதைச் சொல்லிடுங்க. நம்ம பொண்ணு சங்கவி அந்தப் பையன் மேல உசிரையே வச்சிருக்கா" என்றாள் மனைவி ஷோபனா.

"அரே, அதனாலதான் சொல்ல முடியல!"

குழாயைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு டீக்கடை சண்முகத்திடம் போனார். சண்முகம் பக்கா திருநெல்வேலி. பங்குனி உத்திரம் வந்தால் கடையைப் பூட்டிவிட்டுக் கப்பலேறி மெயின்லேண்டில் இருக்கும் தன் சாஸ்தாவைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவான். சந்திரமோகன் சொன்ன சாஸ்தாவே அவனிடம் இரவல் வாங்கியதுதான்.

"சண்முகம், ஒரு சோட்டா காம், சின்ன வேலைதான். இதுல துப்பணும்."

எதற்கு என்று சண்முகம் கேட்கவில்லை. "அரை மணி நேரம் வாயில பான் இருக்கக் கூடாது, அவ்வளவுதானே சார்?" என்றான். விவரமான பையன் என்று சந்திரமோகன் நினைத்துக்கொண்டார்.

ரிசல்ட் வந்த ஞாயிற்றுக்கிழமை இரு குடும்பமும் செந்தமிழன் வீட்டில் கூடியது. டீ கொண்டுவந்திருந்த சண்முகம் வாசற்படியில் நின்று கிளாஸ்களில் ஊற்றிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை பிரேம் போனைப் பார்த்து வாசித்தான்.

"அப்பா தென் தமிழ்நாடு. மாமாவும் தென் தமிழ்நாடு."

சந்திரமோகன் மூச்சு விட்டார். செந்தமிழனும் விட்டார். ஷோபனா லட்டுத் தட்டை நீட்டினாள்.

"கீழ இன்னொண்ணு போட்டிருக்கு" என்ற பிரேமின் குரல் இறங்கியது. "ரெண்டு பேரும் ஒரே கருவில் பிறந்த இரட்டையராம்."

லட்டு யார் வாய்க்கும் போகவில்லை.

"அப்படின்னா சங்கவி இவனுக்குத் தங்கச்சியா?" என்றாள் பிரேமின் அம்மா வைஜெயந்தி.

சங்கவி தாவணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அதைப் பார்த்த சந்திரமோகன் மானம் போனால் போகட்டும் என்று எழுந்தார்.

"அது என் எச்சில் இல்லைங்க. சண்முகத்தோடது. எங்க பெரியவர் விலங்கோட வந்தவர், அவர் கட்டினது பர்மாக்காரி. எனக்குக் குலதெய்வமே தெரியாது. தப்பு என்னுது. பிள்ளைங்களைப் பிரிச்சிடாதீங்க."

சொல்லி முடித்ததும் வெட்கத்தையும் மீறி நெஞ்சு லேசாக இருந்தது. செந்தமிழனுக்குத்தான் ஏனோ குப்பென்று வியர்த்தது.

வைஜெயந்தி கணவன் பக்கம் திரும்பினாள். "அப்ப உங்க ரெட்டைப் பிறவி... டீக்கடைக்காரரா?"

செந்தமிழன் வாசலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு இரண்டே எட்டில் போய்ச் சண்முகத்தைக் கெட்டிலோடு கட்டிக்கொண்டார்.

"தம்பி! இத்தனை வருஷமா எங்கடா இருந்தே?"

"ஏங்க, உங்களுக்கு அறுபது தாண்டிடுச்சு. அவருக்கு முப்பதுகூட இருக்காதே!"

"சயின்ஸ் சொல்லுதுடி. மறுக்க நாம யாரு?" சண்முகத்தை விடாமலே செந்தமிழன் சந்திரமோகன் பக்கம் திரும்பினார். "என் தம்பியைக் கண்டுபிடிச்சுக் கொடுத்ததுக்கு நன்றி. ஆனா வம்சத்தை மறைச்சுப் பொய் சொன்ன வீட்டுல நான் பெண் எடுக்க மாட்டேன். நீங்க கிளம்பலாம்."

பிரேம் "அப்பா!" என்றான். ஷோபனா லட்டுத் தட்டை மூடினாள். சந்திரமோகன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

சண்முகம் கெட்டிலைப் பத்திரமாகக் கீழே வைத்தான்.

"கழுத்தை விடுங்க சார், உங்க குழாய்லயும் நான்தானே துப்பினேன், இதுக்கெல்லாம் கட்டிப்பிடிக்கிறதுன்னா லம்பா லைன்ல பாதிப் பேரு உங்க ரெட்டைப் பிறவிதான்."