சுவரில் மாலையோடு இருப்பவன் சாகவில்லை

அன்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி பாஸ்கரன் அவர்களுக்கு,

கள்ளிக்குப்பத்திலிருந்து உலகநாதன் எழுதுவது. இங்கே நான், என் மனைவி சொர்ணம், மகள் எழில் மூவரும் நலம். இதில் நான் நலம் என்பதைத் தயவுசெய்து இன்னொரு முறை படிக்கவும். திருமழிசையில் தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளை சரணும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் மறைவுக்குச் சொர்ணத்தின் பெயருக்குத் தாங்கள் அனுப்பிய இரங்கல் செய்தி கிடைத்தது. "தங்கமான மனிதர்" என்று எழுதியிருந்தீர்கள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் கேள்விப்படாத செய்தி அது.

நடந்தது இதுதான். எங்கள் தெருமுனையில் ஒரு பாழடைந்த கிடங்கு உண்டு. அதன் நீளச் சுவரடியில்தான் ஊர்க்குப்பை முழுக்கச் சேரும், அவசரக்காரர்கள் ஒதுங்குவதும் அங்கேதான். ஆவடித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க மாட்டாமல் தெருச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன் அல்லவா, சுவரில் ஓவியம் தீட்டித் தெருவையே திருத்துகிறேன் என்று கிளம்பினேன். சாமி படம் போட்டால் பயந்து எவனும் அங்கே ஒதுங்க மாட்டான் என்றார்கள் எல்லாரும். ஓவியம் வரைய வந்த லாவண்யாவோ, தெருக்காரர்களே சேர்ந்து பூவும் பறவையும் வரையட்டும், நடுவில் தெருவுக்கு உழைக்கும் ஒருவர் முகம் இருக்கட்டும் என்றாள். தெருவே பிரஷ்ஷோடு இறங்கியது. தெரு பெருக்கும் முனியம்மாவைக் கேட்டோம். "என்னை செவுத்துல வேற நிக்க வெக்கணுமா? ஆளை உடு நைனா" என்று போய்விட்டார். பூக்கடை வேம்புலியம்மாள் வெட்கப்பட்டு ஓடிவிட்டார். வேறு யார் என்று எல்லாரும் யோசித்தபோது, தற்செயலாக என் சட்டைப்பையில் என் போட்டோ இருந்தது. தற்செயல் என்று சொர்ணத்திடமும் சொல்லிப் பார்த்தேன். "ஊட்ல ஒரு மூஞ்சிய வச்சிகினு நான் படற பாடு போதாதா? தெருவுக்கு வேற ஒண்ணா?" என்றாள்.

ஓர் ஆள் உயரத்துக்கு என் முகம், சம்பந்தி. மீசைக்கு மட்டுமே ஒரு டப்பா கறுப்பு. நேரில் அது வெள்ளை என்பதை நான் யாருக்கும் நினைவூட்டவில்லை. திறப்பு விழாவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் என் தாடைக்கு நேராக ஒருவன் நின்றுகொண்டிருக்கிறான். "ஏம்பா, மேல யாருன்னு தெரியுதா?" என்றேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "தெர்ல அண்ணாத்தே. எலெக்சனுக்கு நிக்கிறாரா?" என்று கேட்டபடியே வேலையை முடித்தான்.

நான் வாடிப்போனதைப் பார்த்து மனசு கேட்காமல், வேம்புலியம்மாள் மீந்துபோன சாமந்தி மாலையை ஆணியடித்து என் படத்துக்குப் போட்டார். மரியாதைக்குத்தான். பெரிய முகம், அதற்கு ஒரு மாலை என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்பது அவருக்கும் உறைக்கவில்லை, மாலை கிடைத்த மயக்கத்தில் எனக்கும் உறைக்கவில்லை. யாரோ ஊதுவத்தி ஏற்றினார்கள். அவ்வளவுதான், குப்பை நின்றது. ஒதுங்க வந்தவன் மாலையைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனான். உயிரோடு இருந்து தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது, செத்ததும் நடந்துவிட்டது.

அந்த ஞாயிறுதான் நீங்கள் எழிலுக்குப் பூ வைக்கத் தட்டோடு வந்து, முனையில் என்னைப் பார்த்துவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போனது. நாங்கள் கேசரியோடு காத்திருந்தோம். நான் போன் செய்தால் என் பெயரைப் பார்த்தே உங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. சொர்ணம் செய்தபோது உங்கள் துணைவியார் அவளைப் பேசவே விடாமல் அழுது, "வருசம் திரும்பட்டும் சம்பந்தியம்மா, அப்பால பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார். சரண் எடுத்துச் சொன்னதற்கு, "பொண்ணு மேல இருக்கிற ஆசைல புளுகறான்" என்றாராம். எழில் என்னோடு பேசுவதில்லை. "உன் மூஞ்சி பெருசா, என் கல்யாணம் பெருசாப்பா?" என்று ஒன்றே ஒன்று கேட்டாள். நான் கொஞ்சம் யோசித்துவிட்டேன். அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மாலையைக் கழற்றப் போனால் தெருவே மறிக்கிறது. "நீ செத்தாங்காட்டிதான் சார் முனை சுத்தமா கீது. கல்யாணம் எங்க ஓடிப்போவுது? கொஞ்ச நாள் இப்டியே இரேன்" என்கிறார் முனியம்மா. ஆனாலும் பெற்ற பெண்ணைவிட முகம் பெரிதில்லை. மாலையைக் கழற்றி, முகத்தின் மேல் என் கையாலேயே சுண்ணாம்பு அடித்துவிடுகிறேன், இது சத்தியம். வருகிற ஞாயிறு நல்ல நாள், தயங்காமல் வாருங்கள். முனையில் நானே நிற்பேன், தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

துணைவியாருக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு, உயிரோடு இருக்கும் மாமனாரின் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
இன்றுவரை உள்ள
உலகநாதன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் ஒரு சின்ன மாறுதல். முகத்தை அழிக்க வேண்டாம், பக்கத்தில் உயிரோடு இருக்கும் இன்னொருவரையும் வரைந்துவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றாள் லாவண்யா. சரண் அனுப்பிய போட்டோவைப் பார்த்து உங்களை வரைந்தாகிவிட்டது. அருமையாக வந்திருக்கிறீர்கள். ஒருவருக்குப் போட்டு ஒருவரை விடுவதா என்று வேம்புலியம்மாள் உங்களுக்கும் மாலை போட்டுவிட்டார், ஊதுவத்தியும் ஏற்றியாயிற்று. துணைவியாரிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்து வரவும். உங்கள் முகம் என்னுடையதைவிட ஒரு சாண் பெரிதாக இருக்கிறது. அதை மட்டும் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.