வாயைக் கட்டாதது யார்?

அந்த ஆட்டத்திலும் குவேசி கோல் போடவில்லை. மறுநாள் ராமதாஸ் வீட்டில் முட்டையும் நின்றது.

குவேசி கானா நாட்டுக்காரன். கோல் போடுவதற்கென்றே கிளப் கூட்டி வந்த ஸ்ட்ரைக்கர். அந்தக் கிளப்பின் திடலில் புல் வெட்டுகிறவர் ராமதாஸ். அவர் வீட்டு மாடி அறையில்தான் அவனைத் தங்க வைத்திருந்தார்கள். ராமதாஸின் பிள்ளையில்லாத மனைவி மோகனா, அவன் வந்த வாரமே அவனைத் தன் பிள்ளையாக்கிக்கொண்டு, முருகனிடம் நேர்ந்துவிட்டாள். அவன் ஒரு கோல் போடும்வரை அந்த வீட்டில் யாரும் கவிச்சி தொடக் கூடாது.

கோழி போனது, மீன் போனது. கோல் மட்டும் வரவில்லை. குவேசி உதைத்த பந்து கம்பத்தில் பட்டது, கீப்பர் மேல் பட்டது, ஒரு தடவை ராமதாஸின் புல் வெட்டும் மெஷின் மேலும் பட்டது.

"நேர்த்தியில குத்தம் இல்ல. இந்த வீட்டுல யாரோ வாயக் கட்டல," என்றாள் மோகனா.

ராமதாஸை ஊதச் சொன்னாள். ஊதினார். சட்டையையும் மோந்து பார்த்துவிட்டு விட்டாள். அடுத்த ஆட்டமும் போனது. வெங்காயம், பூண்டு, கடைசியில் உப்பும் நின்றது.

பிறகு கிளப் வேன் ஓட்டும் ஹாஃபிஸ் ஒரு சேதி கொண்டுவந்தான். சனிக்கிழமையும் கோல் இல்லையென்றால் குவேசியைப் பிளேன் ஏற்றிவிடுவார்களாம்.

"அப்படியே போயிட்டா நேர்த்தி என்னாகும்?" என்று கேட்டார் ராமதாஸ்.

"தீராதுலா. ஆயுசுக்கும் இப்படித்தான்," என்றாள் மோகனா.

அன்று அவருக்கு உப்பில்லாத பருப்பு இறங்கவில்லை.

சந்தேகம் குவேசி மேல் திரும்பியது. சாயங்காலமானால் சும்மா நடந்து வருகிறேன் என்று கிளம்புவான். திரும்பி வந்தால் சோறு வேண்டாம் என்பான். மோகனாவுந்தான் ராத்திரி சாப்பிடுவதில்லை. ஆனால் அவள் கோயிலுக்குப் போய், ஏலக்காய் மென்றுகொண்டு வந்து, விரதம் என்று படுத்துக்கொள்கிறவள். அவளைப் பார்த்தாவது இவனுக்குப் புத்தி வர வேண்டாமா?

அவனை வீட்டில் நிறுத்த ராமதாஸ் அவன் சிலிப்பரை ஒளித்து வைத்தார். அவன் வெறுங்காலோடு போய்க் கல்லில் இடித்துக்கொண்டான். உதைக்கிற காலின் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நொண்டிக்கொண்டு போனவன் பின்னாலேயே ராமதாஸும் போனார். சூலியா தெருவில், சோறும் குழம்பும் விற்கும் யூசுப்பின் நாசி கண்டார் கடைக்குள் குவேசி நுழைந்தான். ராமதாஸ் பழகிய கடைதான். மீன் குழம்பு வாசம் தெருவரை வந்தது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு அள்ளி அள்ளித் தின்றான்.

ராமதாஸ் பாய்ந்து தட்டைப் பிடித்தார். "என் ஆயுசே உன் வாயிலதான்டா இருக்கு, தம்பி."

தட்டில் சோறு, வெண்டைக்காய், முட்டைக்கோஸ். விரலால் கிளறிப் பார்த்தார். வேறு எதுவும் இல்லை.

முருகனுக்குப் பயந்து கவிச்சி தொட்டதே இல்லை என்று குவேசி தெரிந்த மலாயில் சொன்னான். கொஞ்சம் உப்புக்காகத்தான் இங்கே வருகிறானாம். ராமதாஸுக்கு முகம் சுண்டிப்போனது. அவன் கட்டைவிரலைக் குனிந்து தடவிக்கொடுத்தார்.

அப்போது யூசுப் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"நல்ல வேளை வந்தீங்கண்ணே. அக்கா இன்னிக்கு இன்னும் வரல. எப்பவும் கட்டுற மீன் தலைதான், ஆறிடும். நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க."