பஞ்சுக் குச்சியும் மச்சான் பீரோவும்

சனிக்கிழமை அந்தப் பீரோவைத் தூக்குவதில்லை என்று நம்மவர் புதன்கிழமையே முடிவு கட்டிவிட்டார். தலையே போனாலும் சரி.

பீரோ அவருடையதல்ல, மச்சானுடையது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வருஷத்துக்கு ஒரு தடவை வீடு மாறுவது அவருக்குப் பொழுதுபோக்கு. மாறும்போதெல்லாம் ஒரு மாடி மேலே போவார். இந்த முறை நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. போன தடவை மூன்றாவது மாடிக்கு ஃபிரிட்ஜைச் சுமந்த நம்மவர், ஒரு மாதம் கேள்விக்குறி மாதிரி வளைந்தே நடந்தார். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. பேனாவைவிடக் கனமான எதையும் தூக்கிப் பழகாத உடம்பு.

"எனக்குக் காய்ச்சல்" என்றார் அன்று சாயங்காலம்.

"எங்கண்ணன் வீடு மாத்தும்போதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க கரெக்டா காய்ச்சல் வருது?"

"குட்டிகிட்டேருந்து ஒட்டிக்கிச்சு."

அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஆறு வயது மகளுக்கு இரண்டு நாளாக மூக்கில் அருவி. வைரஸ்தான் என்று ரிசல்டும் வந்துவிட்டது.

மனைவி குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே இப்போது ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. வழக்கமாக வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க நீளக் குச்சியை மூக்கின் ஆழம்வரை விடுவார்கள். பிள்ளைகள் போடுகிற கூச்சலில் பக்கத்துத் தெருவே எழுந்து உட்காரும். அதற்குப் பதிலாக இரண்டு சாதுவான குச்சிகள் வந்திருக்கின்றன. ஒன்று குட்டைக் குச்சி, மூக்கு வாசலிலேயே நாலு சுற்றுச் சுற்றி எடுத்துவிடலாம். இன்னொன்று பஞ்சுக் குச்சி, லாலிபாப் மாதிரி சப்பிக் கொடுத்தால் போதும். இந்தச் சாதுக்கள் நீளக் குச்சி அளவுக்கு வைரஸைப் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. "பிடிச்சிடுச்சுன்னா இனிமே ஒரு குழந்தையும் அழ வேண்டாங்க" என்று சொல்லும்போது அவள் முகம் பூரித்துப்போகும். நம்மவருக்கு அந்த முகம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் பீரோ என்று வந்துவிட்டால் அதெல்லாம் வேறு விஷயம்.

"காய்ச்சல்னா டெஸ்ட் பண்ணிடுவோம். கையில ரெண்டு குச்சி மிச்சம் இருக்கு" என்றவள், குட்டைக் குச்சியை அவளே அவர் மூக்கில் சுழற்றி எடுத்தாள். பஞ்சுக் குச்சியை அவரிடம் நீட்டினாள். "ஒரு நிமிஷம் சப்பிட்டு டியூப்ல போட்டு மூடி வைங்க. நான் குளிச்சிட்டு வந்துடறேன்."

குளியலறைக் கதவு சாத்தியதுதான் தாமதம், நம்மவர் பூனை நடை நடந்து மகளிடம் போனார்.

"கண்ணு, இதைக் கொஞ்சம் சப்பிக் குடு."

"நேத்தே சப்பினேனே?"

"இது அப்பாவுக்கு."

"அப்பாவுக்கு வாய் இல்லையா?"

"இருக்கு. அது சரியில்ல."

"அம்மாவும் அதான் சொன்னாங்க."

"சரி சரி, சீக்கிரம் சப்பு."

"உங்க போன் ஒரு மணி நேரம் வேணும்."

"அரை மணி."

"அம்மா..."

"ஒரு மணி! ஒரு மணி! கத்தாதே!"

பேரம் படிந்தது. குச்சி டியூபுக்குள் போனது. அன்று அவர் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, அப்பப்பா, கல்யாணத்துக்கு முன்னால் அப்படித் தூங்கியதுதான்.

மறுநாள் மாலை மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"என்னங்க, ஆஸ்பத்திரியே உங்களைப் பத்தித்தான் பேசுது!"

"என்னைப் பத்தியா?"

"குட்டைக் குச்சியில வைரஸே இல்ல. பஞ்சுக் குச்சியில எக்கச்சக்கம்!"

"அப்ப காய்ச்சல்தான். சனிக்கிழமை ரெஸ்ட்" என்று நம்மவர் முனகியபடி சோபாவில் சாய்ந்தார்.

"ரெஸ்டாவது ஒண்ணாவது! ரெண்டும் வேற வேற சொன்னா, நீளக் குச்சி வச்சுத்தான் முடிவு பண்ணணும். எங்க ரூல் அது. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கார் பெரிய டாக்டர். அவரே விடுவாராம். புதுசா சேர்ந்த நர்ஸுங்க பன்னெண்டு பேர் சுத்தி நின்னு கத்துக்கப்போறாங்க."

"எவ்வளவு தூரம் விடுவாரு?"

அவள் விரலால் அவர் மூக்கிலிருந்து காதுவரை நிதானமாகக் கோடு போட்டாள். நம்மவர் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு பக்கம் சரியா வரலைன்னா இன்னொரு பக்கம்" என்றாள். "அது கிடக்கட்டும். மூக்குல தப்பினது வாயில மாட்டுதுன்னா, குட்டைக் குச்சியே வேஸ்டுன்னு பெரிய டாக்டர் எழுதப்போறாருங்க. உங்க ஒருத்தர் ரிசல்டை வச்சு!"

நம்மவர் ஆடிப்போனார். இருபது வருஷமாக ஊரார் எழுதியதில் ஒரு கால், ஒரு புள்ளி விடாமல் பிழை பிடித்தவர். இப்போது மனைவியின் வேலையில், அதுவும் குழந்தைகள் அழக்கூடாது என்று அவள் ராப்பகலாகச் செய்கிற வேலையில், தன் கையாலேயே ஒரு பிழையைப் போட்டுவிட்டார். பாதி மனசாட்சி குத்தியது. மீதியை மூக்கு பார்த்துக்கொண்டது.

"அது என் எச்சில் இல்ல" என்றார்.

"பின்னே?"

"குட்டியோடது."

"எதுக்குங்க?"

"பீரோவுக்கு."

திட்டுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். அவள் திட்டவில்லை. போனை எடுத்தாள்.

"அண்ணே, இவருக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. சனிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் அங்க இருப்பார். கட்டிலா? தாராளமா தூக்குவார். வாஷிங் மெஷினா? அட, அவரே ஆசைப்படறார் அண்ணே."

நம்மவருக்கு, செய்த தப்புக்கு இது குறைச்சல்தான் என்றுகூடத் தோன்றியது. ஒரே ஒரு கவலைதான் பாக்கி.

"ஏம்மா, பெரிய டாக்டர் எதையாவது எழுதிடறதுக்குள்ள ஒரு போன் போட்டுச் சொல்லிடேன். பாவம், எத்தனை பிள்ளைங்க விஷயம்."

மனைவி அவரைக் கொஞ்சம் பாசமாகவே பார்த்தாள்.

"நீங்க குட்டிகிட்ட பேரம் பேசினது குளியலறை வரைக்கும் கேட்டுச்சு. இந்த ஆராய்ச்சியில பெரியவங்களைச் சேர்க்கவே மாட்டாங்க, உங்க டியூப் ரெண்டும் நேத்திலேருந்து என் ஹேண்ட்பேக்லதான் கிடக்கு."