வாசலில் முளைத்த மூலிகை

இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். காலை எட்டு மணிவரை சபதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மனைவி வந்து ஜன்னலைத் திறந்தாள்.

“வாசல்ல களை மண்டிக் கிடக்கு.”

“வீடே களையா இருக்குன்னு சொல்லு.”

“சிரிப்பு வரல. வந்து பிடுங்குங்க.”

படுத்தபடியே எட்டிப் பார்த்தேன். படியிலிருந்து கேட் வரைக்கும் மஞ்சள் பூ. சட்டென்று வாயில் ஒரு பொய் பூத்தது.

“ஐயையோ, தொட்டுடாதே! அது மஞ்சள் கரிசலாங்கண்ணி. மூலிகை!”

“அப்படியா?” என்றாள். அந்த ‘அப்படியா’விலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அரைமணி நேரத்தில் பக்கத்து வீட்டு டீச்சரோடு வந்தாள். கல்லூரியில் செடிகொடிப் பாடம் எடுப்பவர். வேறு வழியில்லாமல் கட்டிலை விட்டு இறங்கி வாசலுக்கு வந்தேன்.

“அண்ணா, இதுல ரெண்டு வகை உண்டு. அக்கா தங்கச்சி மாதிரி” என்றார் டீச்சர். “பூவை வெச்சுச் சொல்லவே முடியாது. இலையைப் பாருங்க. நீளமா, பிரியாம இருந்தா மூலிகை. மூணு மடலாப் பிரிஞ்சிருந்தா வெறும் களை. ரெண்டும் கலந்தும் இருக்கலாம்.”

“கேட்டியா? கலந்திருக்காம்! அதனால எதையும் தொடக்கூடாது.”

“ஐயோ, களை மூலிகையை அமுக்கிடுமே!” மனைவி பதறினாள். “விஷயம் தெரிஞ்சவங்க யாராவது பிரிச்சு எடுக்கணுமே, டீச்சர்?”

“ஆமாக்கா. எனக்கே கண் வலிக்கும்.”

“இவர் பிரிச்சிடுவார். ஜன்னல்லேருந்தே கண்டுபிடிச்சவராச்சே!”

தலை கனத்தது. கனத்த தலை தானாகவே தரையைப் பார்த்துக் குனிந்தது. கையில் பூதக்கண்ணாடி, பக்கத்தில் கூடை. ஒரு இலை: மூன்று மடல். பிடுங்கினேன். அடுத்தது: மூன்று மடல். பிடுங்கினேன். தெருவில் போனவர்கள் நின்று விசாரித்தார்கள். “ஆராய்ச்சி” என்றேன். நான்கு கூடை நிறைந்தது. பொழுது சாயும்போது கேட்டைத் தொட்டேன். வாசல் மொட்டைத் தலை மாதிரி பளபளத்தது.

“ஒரு மூலிகைகூடக் கிடைக்கலையே!” இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினேன்.

“இருந்தாத்தானே கிடைக்கும்? டீச்சர் நேத்தே பார்த்துட்டாங்க. அத்தனையும் களை.”

மதிலுக்கு அந்தப் பக்கம் டீச்சர் சிரிக்கிற சத்தம்.

“முதல்லயே சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா எழுந்திருப்பீங்களா?” மனைவி காப்பி டம்ளரை நீட்டினாள். “பின்பக்கம் வெள்ளையா ஏதோ பூத்திருக்கு. அது மூலிகையான்னு அடுத்த வாரம் பார்த்துச் சொல்லுங்க.”

“சேச்சே! அது சுத்தமான களை. சந்தேகமே வேண்டாம்!” என்றேன் அவசரமாக.

“அப்போ பிடுங்கிடுங்க.”