கடல் தெரியும்

"அப்பா, என் கட்டில்ல யாரோ படுத்திருக்காங்க."

"மெதுவாப் பேசும்மா. விருந்தாளி தூங்கறார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். என் ரூம்ல, என் கட்டில்ல, என் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு ஒரு ஆள் குறட்டை விடறான்."

"விடறார்," என்று திருத்தினார் அப்பா. "மரியாதையாப் பேசு. தங்கின இடத்துக்கெல்லாம் அஞ்சு ஸ்டார் குடுத்த மனுஷன்."

விருந்தாளிக்காகத் தன் கட்டிலைக் கொடுத்தவர்கள் உலகத்தில் உண்டு. பெற்ற மகளின் கட்டிலைக் கொடுத்துவிட்டு, அவளையே காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடக்கச் சொன்ன உத்தமர் எங்கள் தெருவில்தான் அவதரித்தார். அந்தப் பெருமையை நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தெருவில் அவருக்குத் 'தெரியுதா சார்' என்று பெயர். கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஊரார் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் சொருகி, "இப்பத் தெரியுதா சார்? இது தேவலையா, அது தேவலையா?" என்று கேட்டே காலத்தை ஓட்டினார். கடையை விற்றுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தவரை உட்கார விடாமல் செய்தது கடல்.

எங்கள் ஊரில் கடல் இருக்கிறது. ஊர்க்காரர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் எங்கேயாவது படுத்துத்தானே ஆகவேண்டும்? இப்படி யோசிக்க ஒரு தூரப்பார்வை வேண்டும். அவருக்கு அது நிறையவே இருந்தது. தூரப்பார்வைக்காரர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியாது என்று அவருடைய கடைச் சுவரிலேயே எழுதியிருந்தது. அதைப் படிக்க அவருக்கு நேரமில்லை.

முதலில் கீழ் அறையைத்தான் வாடகைக்கு விட்டார். நான்கு நாள், ஐந்து நாள் தங்கிவிட்டுப் போகிறவர்களுக்கான இணையதளத்தில் படம் போட்டு, அடியில் 'கடல் தெரியும்' என்று எழுதினார். வந்து இறங்கிய முதல் விருந்தாளி எல்லா ஜன்னலையும் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எங்க சார் கடல்?"

"பாத்ரூம்ல."

அங்கே ஒரு முக்காலி போடப்பட்டிருந்தது. விருந்தாளி அதன் மேல் ஏற்றப்பட்டார்.

"இடது பக்கமாச் சாயுங்க. இப்பத் தெரியுதா சார்?"

"தண்ணித் தொட்டி தெரியுது."

"அதுக்கும் விளம்பரப் பலகைக்கும் நடுவுல?"

"நீலமா ஏதோ தெரியுது."

"அதேதான். பார்த்து இறங்குங்க."

இப்படி எத்தனையோ பேர் அந்த முக்காலியில் ஏறிக் கடல் தரிசனம் செய்து, படம் பிடித்து, சொந்தபந்தங்களுக்கு அனுப்பி மகிழ்ந்தார்கள். எதிர்வீட்டுத் தையல்காரி தன் மொட்டை மாடியில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயை ஒரு நாள் துவைக்க எடுத்தாள். கடல் வற்றிவிட்டது.

அன்றைக்கு முக்காலியில் நின்றவர் ஒரு வக்கீல். சும்மா விடுவாரா?

"'கடல் தெரியும்'னு போட்டிருக்கீங்களே?"

"தெரியும் சார். பொறந்ததிலேருந்து எனக்கு இந்தக் கடலைத் தெரியும்."

வக்கீல் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, கீழே எழுதிவிட்டுப் போனார்: 'வீட்டுக்காரருக்குக் கடல் தெரியும். நமக்குத் தெரியாது.'

அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே சமையலறையில் 'நிர்வாகக் குழுக் கூட்டம்' கூட்டப்பட்டது. தலைவர் அவர். உறுப்பினர் அவர் மனைவி. விண்ணப்பிக்காமலேயே 'ஹவுஸ்கீப்பிங் மேனேஜர்' பதவியில் அமர்த்தப்பட்டு, அன்றிலிருந்து விருந்தாளிகளின் துண்டுகளை அன்னம் மாதிரி மடித்துக்கொண்டிருந்த அம்மாள். தலைவர் எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்தார். வீட்டில் கடல் நிஜமாகவே தெரிகிற அறை ஒன்றுதான். மாடி அறை. மகளுடையது.

"அவ வேலைக்குப் போறப்ப என்ன கேட்டா? வேற எதுவும் கேட்கலை. 'என் ரூமை மட்டும் தொடாதீங்க, லீவுக்கு வந்தா எனக்குன்னு ஒரு இடம் வேணும்'னு கேட்டா. நீங்களும் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினீங்க," என்றாள் மனைவி.

"அவதான் இங்க இல்லையே."

"இல்லாதவ வர்றதுக்குத்தாங்க அந்த ரூமு."

இந்த ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டு, ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. அந்த ஒரு மனம் யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை.

கணவனும் மனைவியும் ஏற்கெனவே சாமான் அறைக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். மிக்ஸி ஓட்டக்கூடாது, குக்கர் கத்தக்கூடாது, விருந்தாளி விழித்திருக்கும்போது தும்மக்கூடாது. "சொந்த வீட்டுல திருடி மாதிரி நடக்கறேன்," என்று அம்மாள் தையல்காரியிடம் அலுத்துக்கொண்டாள். தையல்காரிக்குச் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. அதனால்தான் நமக்கும் இதெல்லாம் தெரிகிறது.

இந்த நிலையில்தான் மகள், முன்கூட்டிச் சொல்லாமல், பெட்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"சரிப்பா. நான் எங்க படுக்கறது?"

கண்ணாடிக்காரர் உண்மையிலேயே யோசித்தார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. போனை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"புதன்கிழமை மாடி காலியாகுது. வியாழக்கிழமை ஆள் வராங்க. புதன்கிழமை தங்கிக்க. செக்-இன் மட்டும் மத்தியானத்துக்கு மேல."

"நான் உங்க பொண்ணுப்பா."

"யார் இல்லேன்னா? ஆனா விதின்னு ஒண்ணு இருக்கில்ல. உனக்கு ஒண்ணு, விருந்தாளிக்கு ஒண்ணுன்னு வெச்சா பாரபட்சம்னு எழுதிடுவாங்க."

மகள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வந்தேன்ப்பா."

"சாயங்காலம் சொல்லேன். இப்ப அவர் எழுந்துடுவார், காபி கேட்பார்."

அவர் எழுந்துதான் விட்டார். மகளின் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் நின்று, "எனக்காக நிறுத்தாதீங்க, நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கு," என்றார். சாயங்காலம் வரை மகள் காத்திருக்கவில்லை. அம்மாவிடம் அடுப்படியில் ஏதோ காதோடு சொல்லிவிட்டு, அடுத்த வண்டிக்கே கிளம்பிவிட்டாள். விருந்தாளி தன் வழக்கம் தவறாமல் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்: 'கடல் பிரமாதம். குடும்பச் சண்டை இலவசம்.'

சில மாதம் கழித்து மாடி அறைக்கு ஒரு முன்பதிவு வந்தது. ஏதோ ஓர் ஆண் பெயர், கணவன் மனைவி, ஒரு வாரம். அன்றைக்கு ஹவுஸ்கீப்பிங் மேனேஜர் முணுமுணுக்காமல் வேலை செய்தாள். தரையை இரண்டு தடவை துடைத்தாள். விருந்தாளிகளுக்கான வெள்ளை விரிப்பை எடுத்து வைத்துவிட்டு, மகளின் பழைய பூப்போட்ட போர்வையைத் துவைத்து மடித்துக் கட்டிலில் வைத்தாள். "இதுதான் தொழில் பக்தி," என்று கணவர் மெச்சிக்கொண்டார்.

வாசலில் வண்டி வந்து நின்றபோது அவர் குனிந்து, விருந்தாளிகள் தாங்களே சாவியை எடுத்துக்கொள்ள வாசலில் மாட்டியிருந்த சாவிப் பெட்டியின் எண் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும், தலையை நிமிர்த்தாமலேயே, மனப்பாடமாக வைத்திருந்த வரவேற்புரையை அவிழ்த்துவிட்டார்.

"வாங்க வாங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்கங்க."

"முயற்சி பண்றேன்ப்பா."

அந்த 'ப்பா'வில்தான் தலை நிமிர்ந்தது. எதிரே மகள். பக்கத்தில், இரண்டு பெட்டிகளைச் சுமந்துகொண்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்ற ஒரு நெட்டை இளைஞன்.

"இவர் என் வீட்டுக்காரர்," என்றாள்.

"வீட்டுக்காரர் நான்ல?" என்றார் கண்ணாடிக்காரர், குழம்பிப் போய்.

"ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டோம்ப்பா. அன்னிக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க மத்தியானத்துக்கு மேலதான் செக்-இன்னு சொன்னீங்க."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றது உள்ளேயிருந்து குரல். "உங்க கடல் மாதிரி இல்லீங்க. நிஜமாவே தெரியும்."

ஒரு வாரமும் மாப்பிள்ளை மாடி ஜன்னலில் நின்று கடலைப் பார்த்தார். வாடகைக்குத் தங்கினவர்கள் எல்லோரும் செய்வதைப் போலவே கிளம்பும்போது மகளும் எழுதினாள். ஐந்து நட்சத்திரம் கொடுத்து, 'இடம் சுத்தம். கடல் தெரிகிறது. வீட்டுக்காரர் அன்பானவர், எங்கேயோ பார்த்த முகம்' என்று. அவர் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, சட்டம் போட்டு, முக்காலிக்கு மேலே மாட்டியிருக்கிறார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "குடும்பம்னு பார்க்காம, நேர்மையாக் குடுத்த அஞ்சு ஸ்டார் சார்," என்று காட்டுகிறார்.

மகளும் மாப்பிள்ளையும் அவர்கள் வேலை பார்க்கும் ஊரிலேயே வீடு பார்த்துக்கொண்டு நிலைத்துவிட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரியும் தன் வீட்டுக்கு ஒரு சாவிப் பெட்டியை மாட்டிவிட்டு, தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு, தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மாள் பெண்ணோடு நான்கு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினவள்தான், இன்னும் வரவில்லை. போன வாரம் கண்ணாடிக்காரரே மனம் இளகிப் போன் செய்தார்.

"எப்ப வர்றே?"

"நீங்களே சொல்லுங்க. நம்ம வீடு எந்தத் தேதியில காலி?"

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கேள்வியில் சுருண்டிருப்பார்கள். ஊருக்கே கண் பார்த்த மனிதர் கொஞ்சமும் கலங்கவில்லை. போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, நிதானமாகத் தேதிகளைப் பார்த்தார்.

"அடுத்த மாசம் கடைசி வரைக்கும் ஃபுல்," என்றார், பெருமை தாங்காமல்.