ஒரு மாற்றுக் கம்மி

இயேசு மரி சூசை துணை

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
1962 ஆகஸ்டு, தேவமாதா மோட்சத் திருநாளுக்கு மறுநாள்

ஜேடர்பாளையத்தில் வசிப்பவரும், எனக்குச் சம்பந்தியாக நிச்சயிக்கப்பட்டு இன்னும் ஆகாமல் நிற்பவருமான மகாராஜராஜஸ்ரீ பாக்கியநாதன் அவர்கள் சமூகத்துக்கு, சவரியார் எழுதிக்கொண்டது.

இங்கே யாருக்கும் சுகமில்லை. அங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறீர்கள்.

பெண்ணின் முகத்துக்குப் பழைய நிறம் திரும்பும்வரை கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. நான் பள்ளிக்கூடம் போனவனல்ல. மளிகை மண்டியில் மூட்டை எடை போட்டுக்கொண்டே, பொட்டலம் கட்டிய தாளைப் பிரித்துப் படித்து எழுத்துக் கற்றவன். ஆனால் பேசி முடித்த சரக்கை மழையில் நனைந்துவிட்டது என்று மண்டி வாசலிலேயே விட்டுப் போகிறவனை நாங்கள் வியாபாரி என்று சொல்வதில்லை. வேறு பேர் சொல்வோம். அதை இங்கே எழுதவில்லை.

நனைத்தது யார் என்று முதலில் பார்ப்போம். நிச்சயத்தன்று உங்கள் தங்கை ஆரோக்கியம் அம்மாள் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு, "பொண்ணு லட்சணந்தானுங்க, நெறம் மட்டும் ஒரு மாத்துக் கம்மி" என்று சொன்னார். தங்கத்துக்குச் சொல்கிற பேச்சைப் பெண்ணுக்குச் சொன்னார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், விருந்தாளிகள் சிரிக்கும்போது வீட்டுக்காரன் சும்மா இருக்கக் கூடாதென்று. அடுப்படியில் என் மகள் ரோசி பலகாரத் தட்டோடு நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை என்று என் மனைவி வேளாங்கண்ணி பிறகு சொன்னாள்.

அடுத்த வாரமே ரோசி கடைவீதியில் கண்ணுசாமி கடைக்குப் போய் முகத்துக்குப் பூசும் ஸ்நோ வாங்கியிருக்கிறாள். சின்ன வெள்ளைப் பீங்கான் ஜாடி, மூடியில் ஒரு வெள்ளைக்காரி தலையைச் சாய்த்துக்கொண்டிருக்கிறாள். கோவிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்து முடிவதற்குள் முகம் நிலாவாகிவிடும் என்று கடைக்காரன் சொன்னானாம். முதலில் வெளுக்கத்தான் வெளுத்தது. வேளாங்கண்ணிக்கு ஒரே சந்தோஷம். முகம் மட்டும் வெளுத்துக் கழுத்து கறுப்பாக நின்றால் முகமூடி போட்ட மாதிரி இருக்கிறதென்று கழுத்துக்கும் பூசச் சொன்னவள் அவள்தான். நான் ஒன்றையும் கவனிக்கவில்லை. பெற்ற பெண் வெளுத்தாலும் எனக்குப் பெற்ற பெண்தானே. நான் கவனித்தது சங்கிலியைத்தான். நிச்சயத்தன்று நீங்கள் அவள் கழுத்தில் போட்ட தங்கச் சங்கிலி, கழுத்தில் படுகிற பக்கமெல்லாம் ஈயம் பூசின அண்டா மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஆகா, முலாம் உரிகிறது, பாக்கியநாதன் நம் தலையில் ஈயத்தைக் கட்டிவிட்டார் என்று தீர்மானித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. தீர்மானித்த பிறகு கேட்கிற பழக்கம் எனக்கில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை. பங்குச் சாமியார் பிரசங்கம் முடித்து, ஜேடர்பாளையம் பாக்கியநாதன் மகன் யாகப்பனுக்கும் சேலம் சவரியார் மகள் ரோசிக்கும் விவாகம், தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரியப்படுத்தக் கடமைப்பட்டவர்கள் என்று வாசித்தார். கடமை என்றாரா, இல்லையா? நான் எழுந்து நின்றேன். "தடை இருக்குதுங்க சாமி. மாப்பிள்ளை ஊட்டுல போட்ட சங்கிலி ஈயமுங்க" என்றேன். சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "சவரியாரே, நீர் பெண்ணுக்குத் தகப்பனார்" என்றார். "தெரியுமுங்க சாமி. தகப்பன் சொன்னாலும் தடை தடைதானுங்களே" என்றேன். ஆர்மோனியக்காரர் சமயம் பார்த்து ஒரு பாட்டை எடுத்தார். அது சாவுப் பாட்டு. பெண்கள் பக்கத்தில் ரோசி முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டாள். நான் பஸ் ஏறி உங்களிடம் நேரில் சொல்ல வருவதற்குள் சேதி ஜேடர்பாளையம் வந்து, அணையைத் தாண்டி அக்கரைக்கும் போய்விட்டது.

மறுநாள் சங்கிலியை வெங்கடாசல ஆசாரியிடம் கொண்டுபோனேன், ஈயம் என்று ஊரறியச் சொல்ல வைப்பதற்காக. அவர் உரைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது நல்ல தங்கமுங்க. பாதரசம் பட்டு வெளுத்திருக்குது. ஊட்டுல ரசவாதம் ஏதாச்சும் பண்றீங்களா?" என்று கேட்டார். என் வீட்டில் பாதரசம் ஏது? வந்து கேட்டேன். ரோசி தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து அந்த ஜாடியை எடுத்து என் முன்னால் வைத்தாள். வைக்கும்போது ஜாடி தரையில் கடகடவென்று அடித்துக்கொண்டது. பயத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்து, "அடிக்க மாட்டேன் சாமி" என்றேன். "பயமில்லீங்கப்பா. கொஞ்ச நாளாவே இப்படித்தான் ஆடுது" என்றாள்.

டாக்டர் அவள் வாயைத் திறக்கச் சொன்னார். ஈறெல்லாம் வீங்கி ரத்தம் கசிந்தது. கையை நீட்டச் சொன்னார். விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் ஆடின. "பாதரச உப்பு போட்ட களிம்பு இது. மேல பூசினா மேலயே நிக்காது. தோல் வழியா உள்ள போகும், நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும்" என்றார். நிறுத்தினால் ஈறு ஆறிவிடும், கை நடுக்கம் எப்போது நிற்குமென்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அதற்குள் முகத்தின் வெளுப்பும் திரும்பிக் கறுத்துவிட்டது. வெளுத்த இடமெல்லாம் சாம்பல் திட்டாக, கண்ணுக்குக் கீழே கரி தடவிய மாதிரி நிற்கிறது. எழுதினால் முத்துக் கோத்தது போல எழுதுகிற பெண். கல்யாண ரவிக்கையைத் தானே தைப்பேன் என்று துணியை வெட்டி வைத்திருந்தாள். இப்போது ஊசியில் நூல் கோக்க அவளால் ஆகவில்லை. இத்தனை நாள் ஊசிக் காது கண்ணுக்குத் தெரியாத அம்மாவுக்கு அவள் கோத்துக் கொடுத்தாள். இப்போது அந்த அம்மா ஊசியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, எச்சில் தொட்டுத் தொட்டு, மகளுக்குக் கோக்கிறாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

கண்ணுசாமி கடையில் சண்டைக்கும் போனேன். இதற்குள் என்னடா இருக்கிறது என்று கேட்டேன். "வாசனை இருக்குதுங்க" என்றான். வேறு என்னடா என்றேன். "பம்பாய்ல செய்றாங்க, எனக்கென்னங்க தெரியும்? என் சம்சாரமே இதைத்தான் பூசுறா" என்றான். கூப்பிடு பார்க்கலாம் என்றேன். வந்தாள். அவள் முகத்திலும் சாம்பல் திட்டு ஆரம்பித்துவிட்டது. சண்டை போட மனசு வரவில்லை. நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆகையால் உங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்லுங்கள். உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று எழுதாத ஜாடி எதையும் வாங்க வேண்டாம். சீக்கிரம் வெளுக்கிறதென்றால் இன்னும் சீக்கிரமாகத் தூக்கி எறிய வேண்டும். கடைக் கண்மை சிலவற்றில் ஈயம் கலந்திருக்குமாம், பச்சைக் குழந்தைக்குத் தீட்ட வேண்டாமென்று டாக்டர் சொன்னார். உங்கள் மீசைக்கும் ஒரு வார்த்தை. நிச்சயத்தன்று வியர்த்தபோது அது உங்கள் வெள்ளைச் சட்டையில் வழிந்ததை எல்லோரும் பார்த்தோம். மரியாதைக்குச் சும்மா இருந்தோம். உதட்டுக்கு மேலே சிவந்து தடித்திருந்ததே, அது கொசுக்கடி அல்ல, அந்தக் கறுப்புச் சாயம். அதையும் விடுங்கள். உங்கள் நிறம் எத்தனை மாற்று என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கவில்லை.

முடிவாகச் சொல்கிறேன். சங்கிலி தங்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். கோவிலில் எழுந்து நின்றதற்கு வருத்தம் தெரிவிக்க மாட்டேன். வெளுத்தது வெளுத்ததுதான். ஆசாரியின் சொல்லைக் கேட்டுச் சாமியார் தடையைத் தள்ளிவிட்டார். மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு வாசிக்கப்படும். குறித்த நாளில் யாகப்பனை அழைத்துக்கொண்டு வந்து சேருங்கள். உங்கள் வீட்டார் ஒரு சொல் சொன்னார்கள், அதை நம்பி என் பெண் தன் முகத்தையே கொடுத்துவிட்டாள். இனி நீங்கள் உங்கள் வார்த்தையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

சர்வேசுரன் உங்கள் குடும்பத்துக்கு நல்ல ஆயுசையும், ஆரோக்கியம் அம்மாளுக்குக் கொஞ்சம் மௌனத்தையும் தந்தருள்வாராக.

இப்படிக்கு,
சவரியார்

பின்குறிப்பு: மேலே கண்டதை ரோசியிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மூணாவது ஓலை வேண்டாமுன்னு சாமியார்கிட்ட நேத்தே சொல்லிட்டேனுங்கப்பா. உங்களையாட்டம் கூட்டத்துல எந்திரிச்சு நிக்கல, தனியாப் போய்ச் சொன்னேன்" என்றாள். ஏன் சாமி என்று அவளிடம் கேட்டேன். "நெறம் திரும்பினா வாரேங்கறவங்க, மறுபடி கறுத்தாப் போயிருவாங்களுங்களே" என்றாள். அவள் சொன்னதுதான் நியாயம். ஆகவே நான் கேட்டதையெல்லாம் ரத்து செய்துகொள்ளவும். மீசையைப் பற்றிச் சொன்னது மட்டும் ரத்தில்லை. சங்கிலியை ஆசாரி நெருப்பில் காட்டிப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். உங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன், உரைத்துப் பார்த்தே வாங்கிக்கொள்ளுங்கள், மாற்றுக் குறையவில்லை. உறையின் மேல் விலாசம் ரோசி எழுதியது. தபால்காரருக்குப் புரியாதே, நான் எழுதுகிறேன் என்று கையை நீட்டினேன். தரவில்லை. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அவளே எழுதி முடித்தாள்.