ஃபாசோலாவும் லேபிள் இல்லாத இசைத்தட்டும்

ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்களில், முகம்கூடத் தெரியாத ஆட்களுக்காக ஏங்கிக்கொண்டிருந்த ஒரே மனிதர் ஃபாசோலாதான். நிஜப் பெயர் கம்பெனி அடையாள அட்டையில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் படித்ததில்லை.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரே வீட்டில் அவரையும் சேர்த்து நான்கு பேர் தங்கியிருந்தோம். அவர் சிங்காரப்பேட்டைக்காரர். பிரஸ் ஷாப் ஆபரேட்டர். நாள் முழுக்கத் தகட்டை அச்சில் வைத்து இடிக்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் கடையிலிருந்து, கைப்பிடி சுற்றும் கிராமபோன் பெட்டியும் ஒரே ஒரு இசைத்தட்டுமாக வந்து சேர்ந்தார். தட்டில் லேபிள் இருந்த இடம் சுத்தமாகச் சுரண்டப்பட்டிருந்தது.

ஊசியை வைத்தார். வாத்தியம் எதுவும் இல்லை. ஆணும் பெண்ணுமாய் ஒரு கூட்டம், தூரத்து மழை நெருங்கி வருவதுபோல, "ஃபா... சோ... லா..." என்று பாடியது. பிறகு அதே மெட்டில் ஏதோ வார்த்தைகள். மத்தியான வெயில் ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது போலிருந்தது.

"யாருப்பா இவங்க?" என்றார். அன்றிலிருந்து அவருக்குப் பேச்சு அது ஒன்றுதான். எங்களுக்கு அவர் ஃபாசோலா ஆனார்.

தெலுங்கு பேசும் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "இது கன்னடம்" என்றார். கன்னடக்காரப் பால்காரர், "தெலுங்கு சார், டவுட்டே இல்ல" என்றார். மதுரைக்கார அறைத் தோழன், "எந்த பாஷையா இருந்தாலும் தூங்க விடுங்கண்ணே" என்றான்.

தட்டைத் துண்டில் சுற்றி, பெட்டியையும் தூக்கி, என்னையும் இழுத்துக்கொண்டு, கிருஷ்ணகிரியில் ஒரு தேவாலயப் பாடகர் குழு மாஸ்டரிடம் போனார். அவர் கண்மூடிக் கேட்டார்.

"இது இங்கிலீஷ் பக்திப் பாட்டுங்க. அமெரிக்காவுல தெற்குப் பக்கம். இசை படிக்காத ஜனங்களுக்காக ஸ்வரத்தை முக்கோணம், வட்டம், சதுரம்னு அச்சடிப்பாங்க. அதைப் பாத்து மொதல்ல ஃபா, சோ, லான்னு ஸ்வரத்தைப் பாடிட்டு, அப்புறம் பாட்டைப் பாடுவாங்க."

"பாடுனது யாருங்க?"

"லேபிள் இல்லாம எப்படிங்க சொல்றது?"

திரும்பும் பஸ்ஸில் சூளகிரி வரை தட்டின் விளிம்பைத் துண்டுக்கு மேலாகத் தடவிக்கொண்டே வந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"லேபிள் போனா என்னாப்பா? அச்சுல அடிச்ச பொருள்னா நம்பர் இருந்தே ஆவணும்."

வீட்டுக்கு வந்து தட்டை வெளிச்சத்தில் சாய்த்தார். லேபிள் இருந்த இடத்தை ஒட்டிய வழவழப்பான வளையத்தில், மயிரிழையாய் ஒரு எண். அதுவரை எங்கள் யார் கண்ணிலும் அது பட்டதே இல்லை.

பிரௌசிங் சென்டரில் தேடி, அமெரிக்காவில் பழைய தட்டுகள் சேகரிக்கும் ஒருவருக்கு அந்த எண்ணை மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. படித்து ஃபாசோலாவிடம் சொன்னேன்: பாடியவர்கள் பஞ்சாலைத் தொழிலாளிகளும் விவசாயிகளும். ஒருநாள் டவுனுக்கு வந்து இசைத்தட்டுக்காகப் பாடிவிட்டு ஊர் திரும்பிவிட்டார்கள். பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

மனிதர் உடைந்துபோவார் என்று பயந்தேன். சிரித்தார்.

"மில்லுக்காரங்களா? அதான் தொண்டை கிழிய பாடறாங்க. நம்மாளுங்கப்பா." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "பிரஸ் சத்தத்துல எனக்கு ஒரு காது போயிருச்சு. இன்னொன்னு பாதி. மீதியும் போறதுக்குள்ள யாருன்னு தெரிஞ்சிக்கணும்னு இருந்துச்சு."

அடுத்த வருடம் ஒரு ஞாயிறு மதியம், பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்மூடி உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்து ஊசி வெறுமனே உரசிக்கொண்டிருந்தது.

"பாடறாங்களாப்பா?"

"பாடறாங்கண்ணா" என்று அவர் காதருகே சத்தமாகச் சொல்லிவிட்டு, எழுந்து ஊசியை முதலிலிருந்து வைத்தேன்.